புல்லியை மாற்றுவதற்கு முன்னால்

(வானொலி விவசாய ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வழக்கமாக விதை, உரம், பூச்சி என்று பேசுகிற நேரம் இது. இன்றைக்குச் சக்கரத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "சக்கரத்தைப் பத்தி என்னய்யா பேச்சு, அது சுத்துது, அவ்வளவுதானே" என்று சிலர் நினைப்பீர்கள். பி.எஸ்ஸி. படித்துவிட்டு வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பில் நான் சொன்ன ஒரு யோசனையால் ஒரு விவசாயியின் ஆயில் என்ஜின் மூன்றே நாளில் படுத்துவிட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் களத்துமேட்டுக்குப் போவோம்.

மாடு விட்டுப் போரடித்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். நாலைந்து மாடுகளை ஒரே கயிற்றில் வரிசையாகப் பிணைத்து, பரப்பிய கதிர்மேல் வட்டமாக ஓட்டுவார்கள். எங்கள் தாத்தா மாடு கட்டும்போது ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். கிழட்டு மாடு உள்ளே, நல்ல நடைமாடு வெளியே. ஏன் தாத்தா என்று கேட்டால், "உள்மாட்டுக்கு நடை கம்மிடா" என்பார். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனால் நான் கல்லூரியில் ஒரு வாரம் உட்கார்ந்து படித்த பாடம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டத்தின் சுற்றளவு என்பது விட்டத்தை 22 ஆல் பெருக்கி 7 ஆல் வகுத்தால் வருவது. நடுப்புள்ளியிலிருந்து ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளி ஒரு மாடு நடக்கிறது. அதன் வட்டத்துக்கு விட்டம் மூன்றரை மீட்டர். ஒரு சுற்றுக்கு அது நடப்பது 11 மீட்டர். வெளிமாடு மூன்றரை மீட்டர் தள்ளி நடந்தால் அதன் விட்டம் 7 மீட்டர், ஒரு சுற்றுக்கு 22 மீட்டர். இரண்டும் ஒரே கயிற்றில் இருப்பதால் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகத்தான் சுற்றை முடிக்கும். சுற்று ஒன்று, நடை இரண்டு மடங்கு. கயிறு அறுந்தால் ஒழிய இதில் மாற்றம் இல்லை.

ஆக, சுற்றுகிற பொருளுக்கு இரண்டு வேகம் உண்டு. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது ஒன்று. இதைத்தான் என்ஜின் பெயர்ப்பலகையில் ஆர்.பி.எம். என்று போடுகிறார்கள், பாடப்புத்தகத்தில் கோண வேகம் என்று வரும். விளிம்பில் உள்ள ஒரு புள்ளி ஒரு நிமிஷத்தில் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது இன்னொன்று. இதை விளிம்பு வேகம் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதித் தொல்லை வருகிறது.

இப்போது பம்புசெட் கொட்டகைக்கு வாருங்கள். என்ஜினில் ஒரு புல்லி, பம்பில் ஒரு புல்லி, இடையில் பெல்ட். இங்கே விஷயம் தலைகீழ். பெல்ட் வழுக்காமல் ஓடினால் இரண்டு புல்லியின் விளிம்பும் ஒரே வேகத்தில்தான் ஓடியாக வேண்டும். பெல்ட் ஒன்றுதானே! பிணையல் மாட்டுக்குச் சுற்று ஒன்று, நடை வேறு. பெல்ட் போட்ட புல்லிகளுக்கு நடை ஒன்று, சுற்று வேறு. என்ஜின் புல்லி 7 அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்கு 22 அங்குலப் பெல்ட்டை இழுத்துத் தள்ளும். எதிரே 14 அங்குலப் புல்லி இருந்தால் அதன் சுற்றளவு 44 அங்குலம். ஆகவே அது அரைச் சுற்றுதான் சுற்றும்.

இதிலிருந்து வருகிற சூத்திரம் எளிது. என்ஜின் புல்லியின் விட்டத்தை என்ஜின் சுற்றால் பெருக்குங்கள். மிஷின் புல்லியின் விட்டத்தை மிஷின் சுற்றால் பெருக்குங்கள். இரண்டும் சமமாக இருக்கும். ஒரு மிஷினின் உருளை நிமிஷத்துக்கு 600 சுற்று சுற்ற வேண்டும், என்ஜின் 1500 சுற்று, என்ஜின் புல்லி 5 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1500-ஐ 5-ஆல் பெருக்கினால் 7500. அதை 600-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை அங்குலப் புல்லி. பெல்ட் கொஞ்சம் வழுக்குவதால் நிஜத்தில் நூற்றுக்கு இரண்டு, மூன்று சுற்று குறையும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இந்தச் சூத்திரம் எனக்கு மனப்பாடம். அங்கேதான் வினை வந்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாசம். ஒரு விவசாயி ஒன்றரை ஏக்கரில் கோடைக்கடலை போட்டிருந்தார். விழுது இறங்குகிற பருவம். கடலையில் தண்ணீர் தவறக்கூடாத சமயம் அது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. மேலே கரையில் இருந்த பம்புக்கும் தண்ணீருக்கும் இடையே 23 அடி. பம்பு திணறித் திணறித் தள்ளுகிறது. 5 குதிரைசக்தி என்ஜின், 1500 சுற்று, இரண்டு பக்கமும் 6 அங்குலப் புல்லி. "சார், ஏதாச்சும் வழி சொல்லுங்க" என்றார். நான் உடனே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பம்பு புல்லியை 5 அங்குலமாக்கினால் 1800 சுற்று வரும். வேகம் கூடினால் தண்ணீர் கூடும். "லேத்துப் பட்டறையில் ஒரு 5 அங்குலப் புல்லி வாங்கி மாட்டுங்க" என்றேன். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அது பாதிக் கணக்கு.

மீதிப் பாதி எங்கே இருக்கிறது? கவணில் இருக்கிறது. சோளக்கொல்லையில் குருவி ஓட்டக் கவண் சுற்றியவர்களுக்குத் தெரியும், கல்லைச் சுற்றும்போது கயிறு கையை இழுக்கும். கல் வெளியே ஓடப் பார்க்கிறது என்று சொல்வோம். உண்மையில் அதற்கு வெளியே ஓடும் ஆசை கிடையாது. ஓடுகிற பொருள் நேர்கோட்டில் ஓடத்தான் பார்க்கும். நாம்தான் கயிற்றால் அதை விநாடிக்கு விநாடி உள்பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கிறோம். இந்த இழுப்புக்கு மையநோக்கு விசை என்று பெயர். கயிற்றை விட்டவுடன் கல் எந்தப் பக்கம் போகிறது? நடுவிலிருந்து நேராக வெளியே போவதில்லை. விட்ட நொடியில் எந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்ததோ அந்தத் திசையில், வட்டத்தை ஒட்டினாற்போல நேராகப் போகிறது. சைக்கிள் சக்கரத்துச் சேறு முதுகில் அடிப்பதும் இப்படித்தான். சேறு பின்பக்க விளிம்பை விட்டு மேல்நோக்கிக் கிளம்புகிறது. மட்கார்டை அங்கே வைத்தவன் விவரம் தெரிந்தவன்.

இப்போது கவணை இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றுங்கள். கையை இழுக்கும் விசை இரண்டு மடங்காகும் என்றுதான் தோன்றும். இல்லை, நாலு மடங்கு. ஏன்? கல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. திருப்புவது அதனால் இரண்டு மடங்கு கஷ்டம். அதோடு, அதே நேரத்தில் இரண்டு மடங்கு தடவை திருப்ப வேண்டியிருக்கிறது. இரண்டு இரண்டு நாலு. மூன்று மடங்கு வேகம் என்றால் ஒன்பது மடங்கு.

நம் பம்பும் ஒரு வகைக் கவண்தான். உள்ளே இருக்கிற இம்பெல்லர், அதாவது இறக்கைச் சக்கரம், தண்ணீரைச் சுழற்றி விளிம்புக்கு விரட்டுகிறது. தண்ணீர் விளிம்புக்குப் போனதும் நடுவில் அழுத்தம் குறைகிறது. கிணற்றுத் தண்ணீர்மேல் உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்று தண்ணீரை உறிஞ்சுகுழாய் வழியாக அந்த இடத்துக்குத் தள்ளுகிறது. பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பேச்சுக்குச் சொன்னாலும், தூக்கிவிடுவது காற்றுதான்.

சரி, சுற்றை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் என்ன ஆகும்? 1500 என்பது 1800 ஆயிற்று, 1.2 மடங்கு. வெளிவரும் தண்ணீரின் அளவு ஏறக்குறைய 1.2 மடங்கு. தள்ளுகிற அழுத்தம் கவண் கணக்குப்படி 1.2 பெருக்கல் 1.2, அதாவது 1.44 மடங்கு. என்ஜினின் வேலை என்பது தண்ணீரின் அளவும் அழுத்தமும் பெருக்கினால் வருவது. 1.2-ஐ 1.44-ஆல் பெருக்கினால் 1.73. ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூட்டப்போய் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட பாரம் ஏறிவிட்டது. சுற்றை இரட்டித்தால் பாரம் எட்டு மடங்கு என்றால் நம்புவீர்களா? குழாயின் உயரம், உராய்வைப் பொறுத்து நிஜத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் போக்கு இதுதான்.

அந்த விவசாயியின் பம்புக்கு 4 குதிரைசக்தி தேவைப்பட்டது. 5 குதிரை என்ஜின் சௌகரியமாக இழுத்துக்கொண்டிருந்தது. புல்லி மாற்றியதும் தேவை 6.9 குதிரைக்குத் தாவிவிட்டது. பாவம், அது எங்கே போகும்? முதல் நாளே கறுப்புப் புகை. தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக விழுந்ததால் அவருக்குச் சந்தோஷம், புகையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீசல் வேறு மளமளவென்று இறங்கியது. இரண்டாம் நாள் தண்ணீர் இன்னும் கீழே போனதும், பம்புக்குள் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குகிற மாதிரிச் சத்தம். மூன்றாம் நாள் மத்தியானம் பிஸ்டன் பிடித்துக்கொண்டு என்ஜின் நின்றுவிட்டது.

என்ஜினைக் கழற்றி மாட்ட மனைவியின் தோடு அடகுக்குப் போயிற்று. அதற்குள் கடலையில் மூன்றில் ஒரு பங்கு காய்ந்துவிட்டது. நான் போய் நின்றபோது அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "உங்க கணக்கு சரியாத்தான் சார் இருந்துச்சு, மெக்கானிக் மீட்டர் வச்சுப் பார்த்தாரு, மொத நாளு ஆயிரத்து எண்ணூறுக்குப் பக்கமா சுத்துச்சாம்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? அன்றிரவு பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்துத்தான் அந்த 1.73-ஐப் போட்டுப் பார்த்தேன். முன்னாலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு.

இதில் இன்னொரு தவறும் இருந்தது, அது இன்னும் பெரிது. அவருக்கு வேண்டியிருந்தது வேகமே இல்லை. காற்றின் அழுத்தம் தண்ணீரைத் தூக்கிவிடக்கூடிய உயரத்துக்கு எல்லை உண்டு. ஏட்டில் 34 அடி. குழாய் உராய்வு, ஃபுட்வால்வு, பம்பின் சொந்தத் தேவை எல்லாம் கழித்துவிட்டால் கைக்கு வருவது சுமார் 20 முதல் 22 அடிதான். அதைத் தாண்டினால் பம்பின் நடுவில் அழுத்தம் மிகவும் குறைந்து தண்ணீர் கொதிக்காமலே ஆவிக் குமிழாகிவிடும். அந்தக் குமிழ்கள் இறக்கைமேல் உடைகிறபோதுதான் அந்தக் கூழாங்கல் சத்தம். சக்கரத்தை வேகமாகச் சுற்றினால் குமிழ் அதிகமாகுமே தவிர, காற்றுக்குக் கூடுதல் பலம் வராது. என்ஜினைத் திறந்தபோது பம்பையும் திறந்து பார்த்தோம். இறக்கை ஓரமெல்லாம் அம்மை வடு மாதிரிக் குழி.

பிறகு என்ன செய்தோம் என்றால், கிணற்றுக்குள் எட்டடி கீழே இரண்டு இரும்புக் கர்டர் பாய்ச்சிப் பம்பை மட்டும் அதன்மேல் இறக்கினோம். பழைய 6 அங்குலப் புல்லியையே மாட்டி, மேலே என்ஜினிலிருந்து நீளப் பெல்ட் விட்டோம். உறிஞ்சுகிற உயரம் குறைந்தது, தள்ளுகிற உயரம் கூடியது. தள்ளுவதற்கு அந்த 34 அடி எல்லை கிடையாது, பம்பின் சக்தி உள்ளவரை தள்ளும். தண்ணீர் வந்தது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பம்பை இறக்குகிறோம் என்று என்ஜினையும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். புகை கீழே தேங்கும். அதில் இருக்கிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, ஆளை உட்கார்ந்த இடத்திலேயே சாய்த்துவிடும்.

இதே கணக்கை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். தண்ணீர் நிறைய இருக்கிறது, அவசரம் இல்லை என்றால் சுற்றைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். தண்ணீர் பத்தில் ஒரு பங்கு குறையும், என்ஜின் பாரமோ கால் பங்குக்குமேல் குறையும். ஆனால் அழுத்தமும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. வாய்க்கால் உயரமாக இருந்தால் பம்பு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு சொட்டு வராது.

இப்போது பலரிடம் மோட்டாரும் பம்பும் ஒரே அச்சில் சேர்ந்த மோனோபிளாக்தான் இருக்கிறது. அவர்களுக்குப் புல்லி மாற்றும் சபலமே கிடையாது. ஆனால் பவர்டில்லர், கதிரடிக்கும் மிஷின், தட்டை வெட்டும் மிஷின், மாவு மில் என்று பெல்ட் ஓடாத ஊர் இல்லை. பட்டறையில் கையில் பிடிக்கிற கிரைண்டரைப் பாருங்கள். 4 அங்குலக் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அதன் மூடியைக் கழற்றிவிட்டு 7 அங்குல வட்டை மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 7 அங்குல வட்டில் சுமார் 8,500 சுற்றுக்குமேல் கூடாது என்று அச்சடித்திருக்கும். சுற்று மாறாது, விட்டம் கூடியதால் விளிம்பு வேகம் கூடிவிடும். வெளிமாடு கதைதான். இங்கே மாட்டுக்குக் கயிறாக இருப்பது அந்த வட்டின் பிசின் பிடிப்பு. அது விட்டால் சில்லு எதிரே நிற்பவர் முகத்தில்.

என்ஜினின் பெரிய சக்கரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிப்பு. அந்த வெடிப்பின் தள்ளுதல் அரைச் சுற்றுக்கு. மீதி ஒன்றரைச் சுற்றையும் இழுத்துப் போவது ஃபிளைவீல் என்கிற அந்தச் சக்கரத்தில் சேர்த்துவைத்த ஓட்டம்தான். எடையை நடுவில் வைக்காமல் விளிம்பில் தடிமனாக ஏன் வைத்திருக்கிறார்கள்? அதே சுற்றுக்கு விளிம்பு அதிக வேகம் ஓடுகிறது; அதே இரும்பு விளிம்பில் இருந்தால் அதிக ஓட்டத்தைச் சேர்த்துவைக்கும். தூரம் இரண்டு மடங்கானால் சேமிப்பு நாலு மடங்கு.

விளிம்பில் 40 கிலோ இரும்பு, குறுக்கே அரை மீட்டர், 1500 சுற்று என்று வைத்துக்கொண்டால் விளிம்பு மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதில் இருக்கிற சக்தியைக் கொண்டு அந்த 40 கிலோவையும் செங்குத்தாக 78 மீட்டர் தூக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியைவிட உயரம். டீசலை நிறுத்தியதும் என்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்துச் சக்கரத்தில் கட்டையைக் கொடுத்து நிறுத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அது தானாக நிற்கட்டும், ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகாது.

பெல்ட்டும் அப்படித்தான். நாம் முன்னால் பார்த்த 7 அங்குலப் புல்லி 1500 சுற்றில் பெல்ட்டை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கிறது. விநாடிக்கு 14 மீட்டர். துண்டு மாட்டிக்கொண்டது என்று நம் மூளைக்கு எட்டிக் கை அசைவதற்குக் கால் விநாடியாவது ஆகும். அதற்குள் மூன்றரை மீட்டர் பெல்ட் போய்விட்டது. எட்டு முழ வேட்டி முழுசாக உள்ளே போகிற தூரம். என் வட்டாரத்தில் ஓடுகிற பெல்ட்டைக் கையால் ஏற்றப்போய் இரண்டு விரல் இழந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் நிதானமான மனுஷர், கவனக்குறைவானவர் இல்லை. கால் விநாடியில் யாருடைய நிதானமும் உதவாது. பெல்ட்டுக்குக் கம்பிவலை போடுங்கள். தலைத்துண்டு, முந்தானை, பின்னல் இவை எல்லாவற்றையும் இழுத்துச் செருகிவிட்டுக் கிட்டே போங்கள். பெல்ட் ஏற்றுவதானால் என்ஜினை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள்.

புல்லி மாற்ற வேண்டும் என்று தோன்றினால் முதலில் மிஷினின் பெயர்ப்பலகையில் எத்தனை சுற்று என்று பாருங்கள். அந்தச் சுற்றைக் கொடுப்பதற்காக மாற்றினால் சரி. அதைத் தாண்டுவதற்காக என்றால் வேண்டாம். பலகை அழிந்து போயிருந்தால், இப்போது இருக்கிற புல்லிகளின் அளவை எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் வட்டாரத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

நான் சொன்ன விவசாயியின் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் எழுதிய நாலு எண்கள் ரொம்ப நாள் இருந்தன. என்ஜின் 1500, 6. பம்பு 1500, 6. அதற்குக் கீழே அவருடைய மகன் எழுதியது, "மாத்தாதே".

அடுத்த முறை நிலக்கடலைக்கு ஜிப்சம் எப்போது, எவ்வளவு இடுவது என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.